சொதப்பல், தப்பு, கோட்டை விடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் வெளிமாநிலத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரி வேலைக்காக வேலூர் வந்து தங்கியவர்களுக்கும் பேச்சுத் தமிழ் சொல்லித் தருகிறேன். அவர்கள் கேட்கிற சந்தேகங்களில் பெரும்பங்கு 'சொதப்பல்' என்ற வார்த்தையையும் அதன் சொந்தக்காரர்களையும் பற்றியது. உள்ளூர்ப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கூட அதே கேள்விகளோடு வருகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. கேட்டவர் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

சொதப்பல்னா இன்னா சார்? தப்புன்றதையே ஸ்டைலா சொல்றாங்களா?

இல்லை. ஒழுங்காகச் செய்திருக்கக்கூடிய காரியத்தைச் செய்யும்போதே கெடுத்துக்கொள்வதுதான் சொதப்பல். கெட்ட எண்ணம் இருக்காது. செய்தவருக்கு அது தெரியாத வேலையாகவும் இருக்காது. வீட்டில் தினமும் ஒப்பித்த பையன் ஆண்டு விழா மேடையில் ஏறி, இரண்டாவது வரி மறந்துபோய், முதல் வரியையே மூன்று தடவை சொன்னால் 'சொதப்பிட்டான்'. மேடைக்கே வராமல் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டால் அது சொதப்பல் ஆகாது, டிமிக்கி.

இன்னொன்று, சொதப்பலுக்குப் பார்க்க ஆள் வேண்டும். யாரும் பார்க்காமல் நடந்தால், நாமே போய்ச் சொன்ன பிறகுதான் அது சொதப்பல் ஆகிறது. அதனால் இந்த வார்த்தையோடு எப்போதும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

சொதப்பினேன், சொதப்பிட்டேன், சொதப்பிடுச்சு... எதை எப்போ சொல்றது?

'நிரப்பு', 'திருப்பு' மாதிரிதான் இதுவும் நடக்கும். சொதப்பினேன், சொதப்புகிறேன், சொதப்புவேன். ஆனால் பேச்சில் 'சொதப்பினேன்' என்று யாரும் நிறுத்துவதில்லை. காரியம் கெட்டு முடிந்துவிட்டதே, அதனால் 'சொதப்பிட்டேன்'. ஒரேயடியாகக் கெடுத்தால் 'சொதப்பித் தள்ளிட்டான்'. கெடுத்துக்கொண்டே இருந்தால், எங்கள் பக்கத்தில், 'இன்னாபா, காலைலேர்ந்து சொதப்பிகினே கீற?'

ஆள் இல்லாமலும் இந்த வினை வரும். ஆம்பூர் பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசி போடுவார்கள். மணி சின்னது, ஊற வைத்ததைக் கொஞ்சம் மறந்தாலும் தண்ணீர் சற்றுக் கூடினாலும் குழைந்துவிடும். தம் உடைத்துக் கரண்டியை விட்டால், உதிரியாகச் சரியவேண்டிய சோறு கரண்டியளவுக்கு அப்படியே பெயர்ந்து வரும். அந்த நேரத்தில் மாஸ்டர் 'நான் சொதப்பிட்டேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'அரிசி சொதப்பிடுச்சுபா, புது அரிசி' என்பார். புது அரிசி சீக்கிரம் குழையும் என்பது உண்மைதான். அரிசியைப் பார்த்து வாங்கினவர் யார் என்று மட்டும் கேட்கக்கூடாது.

"நான் சொதப்பல்"னு சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. ஏன்?

சொதப்பல் காரியத்தின் பெயர், ஆளின் பெயர் இல்லை. 'நான் சொதப்பிட்டேன்' என்றால் இந்த ஒரு வேலை கெட்டது. 'நான் சொதப்பல்' என்றால் பிறந்ததிலிருந்தே கெட்டது என்று காதில் விழும். ஆளையே சொல்லவேண்டுமானால் 'சொதப்பல் கேசு', 'சொதப்பல் மன்னன்' என்று வால் சேர்க்க வேண்டும்.

பள்ளி இலக்கணத்தில் இப்படி மாறிப்போவதற்கு 'வழு' என்று பெயர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை. 'அக்கா வந்தான்' பால்வழு. 'நேத்து வருவேன்' காலவழு. தமிழ் கற்க வந்தவர்கள் முதல் மாதத்திலேயே ஏழையும் செய்து காட்டிவிடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, டீக்கடைக்காரர் திருத்திவிட்டு டீயைக் கொடுப்பார்.

தப்பு, தவறு, பிழை, குற்றம் எல்லாம் ஒண்ணுதானே? எதை எங்கே போடணும்?

எல்லாம் ஒரே தெருவில் இருப்பவை, கதவு இலக்கம் வேறு. பிழை என்பது எழுத்திலும் கணக்கிலும் அச்சிலும் இருப்பது. கல்யாணப் பத்திரிகையில் 'கலைச்செல்வி' என்ற பெயர் ஒற்று விழுந்து 'கலைசெல்வி' ஆனால் அது பிழை. அதைச் சரிபார்க்காமலே அடித்து, முகூர்த்தத் தேதியையும் மாற்றிப் போட்டு, குடியாத்தம் வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தால் அது சொதப்பல். பிழையைத் திருத்தினால் வேலை முடிந்தது, யார் செய்தது என்று பெரிதாகத் தேடமாட்டார்கள். சொதப்பலில் முதல் கேள்வியே 'யாருபா அது?' என்பதுதான்.

தவறு கொஞ்சம் மரியாதைப்பட்ட, எழுத்துக்கு ஏற்ற வார்த்தை. கை தவறி டம்ளர் விழும், வாய் தவறி வார்த்தை விழும். வேண்டுமென்று செய்யாமல் நழுவிப்போனது என்ற சாயல் அதில் உண்டு. அலுவலகக் கடிதத்தில் 'தவறுதலாக' என்று எழுதினால் பாதி மன்னிப்பு அதிலேயே கிடைத்துவிடும். தப்பு வாயில் புழங்குவது. 'தப்பா நெனச்சுக்காதீங்க', 'தப்பான பஸ்ல ஏறிட்டேன்' என்று எதற்கும் வரும். ஆனால் 'அந்தப் பையன் தப்பு பண்ணிட்டான்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், கூட்டல் கணக்கில் விட்ட தப்பைச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இது சுலபம், தெலுங்கிலும் தப்பு தப்புதான். குற்றம் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் உரியது. வீட்டுக்குள் வந்தால் 'குத்தம்' என்று சுருங்கி, 'எது செஞ்சாலும் குத்தம் சொல்றாரு' என்கிற அளவில் நிற்கும்.

படிக்க வந்தவர்கள் தலையைப் பிடித்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. 'தப்பு' செய்தவன் வேறு, 'தப்பினவன்' வேறு. 'பிழை' செய்தவன் வேறு, 'பிழைத்தவன்' வேறு. பாலாற்று வெள்ளத்தில் சிக்கி உயிரோடு கரையேறினவனைத் 'தப்பிப் பிழைத்தான்' என்கிறோம். அவன் எந்தத் தப்பும் எந்தப் பிழையும் செய்யவில்லை. போதாக்குறைக்குப் பறைக்கும் தப்பு என்று ஒரு பெயர் உண்டு. 'தப்பு அடிக்கிறாங்க' என்றால் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

வீட்டு ஓனர் "எங்க தாத்தா தவறிட்டார்"னு சொன்னாங்க. அவர் என்ன தவறு செஞ்சார்?

ஒன்றும் செய்யவில்லை, காலமாகிவிட்டார். 'இறந்துட்டார்' என்று நேராகச் சொல்ல மனம் வராமல் 'தவறிட்டார்' என்பார்கள். இந்த ஊரில் 'பூட்டாரு' என்றும் சொல்வதுண்டு. கடைக்குப் போனாலும் அதே 'பூட்டாரு'தான், சொல்பவர் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பேப்பர்ல "குளறுபடி"ன்னுதான் போடறாங்க, "சொதப்பல்"னு போட மாட்டேங்கறாங்களே?

போடுகிறார்கள், நீங்கள் பார்க்கிற பக்கம் வேறு. விளையாட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள், 'பேட்டிங்கில் சொதப்பல்' என்று வாரம் ஒரு தலைப்பாவது வரும். சினிமாப் பக்கத்திலும் உண்டு. முதல் பக்கத்தில், அரசு, தேர்வு, தேர்தல் என்று வந்தால்தான் குளறுபடி.

காரணம் மரியாதை மட்டும் இல்லை, பொருளும் வேறு. சொதப்பலுக்கு ஒரு ஆளைக் காட்டலாம். குளறுபடியில் கைகள் நிறைய, காகிதங்கள் இன்னும் நிறைய. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகி, திருவண்ணாமலை தனியே போனது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகி, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வாலாஜாக்காரர் ஒருவர் வீட்டில் பீரோவைத் திறந்தால் தாத்தா பத்திரத்தில் வட ஆற்காடு, அப்பா ரேஷன் கார்டில் வேலூர், பேரன் சான்றிதழில் ராணிப்பேட்டை என்று இருக்கும். எல்லாம் ஒரே வீடு, ஒரே திண்ணை. யாரும் சொதப்பவில்லை. ஆனால் மூன்றையும் ஒரே கவுன்ட்டரில் நீட்டும்போது குளறுபடி ஆரம்பமாகும்.

"கோட்டை விட்டுட்டான்"னு சொல்றது நம்ம வேலூர்க் கோட்டையை வச்சுத்தானே?

ஊர்ப் பெருமைக்கு ஆமாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. தமிழ் பேசுகிற எல்லா ஊரிலும் கோட்டை இருந்தது, எல்லா ஊரிலும் யாராவது அதை விட்டிருக்கிறார்கள்.

பொருத்தமான உதாரணம் வேண்டுமென்றால் பக்கத்து ஊரான ஆற்காட்டில் இருக்கிறது. 1751இல் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் ராபர்ட் கிளைவ் சில நூறு பேரோடு ஆற்காட்டை நோக்கி வந்தார். வழியில் இடி, மழை. அதற்கும் நிற்காமல் வருகிறார்கள் என்ற செய்தி கேட்டதும், அப்போது ஆற்காட்டைக் கையில் வைத்திருந்த நவாப் சந்தா சாகிபின் காவல் படை சண்டையே போடாமல் கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. கையில் இருந்ததை, காப்பாற்றியிருக்கக்கூடியதை, மெத்தனத்தாலோ பயத்தாலோ நழுவ விடுவதுதான் கோட்டை விடுதல். அதற்குப் பிறகு கிளைவை அதே கோட்டைக்குள் வைத்து 50 நாள் முற்றுகை போட்டார்கள், திரும்பப் பிடிக்க முடியவில்லை.

சொதப்பலோடு வித்தியாசம் புரிகிறதா? சொதப்புகிறவன் ஏதோ செய்து கெடுக்கிறான். கோட்டை விடுகிறவன் பெரும்பாலும் செய்யாமல் கெடுக்கிறான். விண்ணப்பத்தில் பிறந்த தேதியை மாற்றி எழுதினால் சொதப்பல், கடைசித் தேதியையே மறந்துவிட்டால் கோட்டை.

பல்பு வாங்கறது, ஊத்திக்கறது, புட்டுக்கறது, இதெல்லாமும் சொதப்பல்தானா?

பல்பு வாங்குவது, பெருமையாக எதையோ சொல்லப்போய் எல்லோர் முன்னாலும் மூக்குடைபடுவது. ஊத்திக்கிச்சு என்பது முடிவைப் பற்றியது. படம் ஊத்திக்கிச்சு, பிளான் ஊத்திக்கிச்சு. யாரும் சொதப்பாமலே ஒரு பிளான் ஊத்திக்கொள்ளலாம், மழை வந்தால் போதும். புட்டுக்கிச்சு என்றால் உடைந்தது, நின்றது. ஆளைப் பற்றிச் சொன்னால் செத்துப்போனான் என்று ஆகும், ஜாக்கிரதை. அசடு வழிவது இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு முகத்தில் நடப்பது.

எங்க வீட்டுக்காரர் எதுக்கெடுத்தாலும் "பேஜாராப்பூடுச்சு"ன்றார். அது சொதப்பலா?

அது அலுப்பு. உருதுவில் வெறுத்துப்போன, சலித்துப்போன நிலைக்குச் சொல்கிற வார்த்தைதான் நம் பேஜார். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடியில் தமிழும் உருதும் ஒரே கடைத்தெருவில் வளர்ந்தவை, அதனால் இங்கே யாரும் அதை வேற்று வார்த்தையாக நினைப்பதில்லை. வேறொருவர் சொதப்பியதால் உங்களுக்கு வருவது பேஜார் என்று வைத்துக்கொள்ளலாம். தச்சர் கதவை அளவு தப்பி அறுத்துவிட்டார், அது சொதப்பல். மே மாத வெயிலில் நீங்கள் மறுபடி மரக்கடைக்குப் போகிறீர்கள், அது பேஜார்.

பெரியவங்களைப் பார்த்து "சொதப்பிட்டீங்க"ன்னு சொல்லலாமா? மரியாதையாத்தானே இருக்கு?

'ங்க' போட்டால் மட்டும் மரியாதை வந்துவிடாது. முதல் பதிலில் சொன்ன சிரிப்பு அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது, எந்த விகுதியும் அதை எடுக்காது. மாமனார் கூட்டல் கணக்கை விட்டிருந்தால் 'எங்கியோ கொஞ்சம் பிசகுது மாமா, இன்னொரு தடவ பாக்கலாமா?' என்று சொல்லுங்கள். பிசகு ரொம்ப நல்ல வார்த்தை. கழுத்து நரம்பு பிசகுகிற மாதிரி, யார் மேலும் பழி போடாமல் ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது என்று மட்டும் சொல்லும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதை அதிகம் எடுப்பதில்லை.

வயதில் மூத்தவர் ஆனாலும் நெருக்கமானவர் என்றால் கதை வேறு. 'இன்னாணா இப்டி சொதப்பிட்ட!' என்று பக்கத்துக் கடை அண்ணனிடம் சொல்லலாம், அவரும் சிரிப்பார். அதே அண்ணனிடம் அவர் மகன் முன்னால் சொல்லாதீர்கள். நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. 'நாந்தாங்க சொதப்பிட்டேன்' என்று முந்திக்கொண்டு சொன்னால் எதிரில் இருப்பவருக்குத் திட்ட வார்த்தை கிடைக்காது.

ஆபீஸ் லெட்டர்ல, பரீட்சைக் கட்டுரையில எழுதலாமா?

கடிதத்தில் வேண்டாம். 'தவறு நேர்ந்துவிட்டது' போதும். கட்டுரையில், பாத்திரம் பேசுகிற மாதிரி மேற்கோள் குறிக்குள் போட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் விட்டுவிடுவார்கள்.

டாக்டரோ பேங்க்காரரோ பெரிய தப்பு பண்ணினா, "சொதப்பிட்டாங்க"ன்னு சொல்றது சரியா?

இது கொஞ்சம் சிக்கலான கேள்வி. சொதப்பல் ஒரு தப்பைச் சின்னதாக்கிக் காட்டும். அதனால் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நஷ்டப்பட்டவர் 'விடுங்க, ஏதோ சொதப்பிட்டாங்க' என்றால் அது அவர் பெரிய மனசு. நஷ்டம் செய்தவரே 'ஒரு சின்ன சொதப்பல் ஆயிடுச்சுங்க' என்றால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். 'ஆயிடுச்சு' என்பதைக் கவனியுங்கள், பிரியாணி மாஸ்டர் அரிசி மேல் போட்ட அதே பழிதான். குழைந்த சோற்றுக்கு அது போதும். வேறு காலில் கட்டுப் போட்டதற்கும், கணக்கிலிருந்து காணாமல் போன பணத்துக்கும் போதாது. அங்கே தவறு என்று எழுதி வாங்குங்கள். வேண்டுமென்றே செய்தது என்றால் குற்றம் என்றே சொல்லுங்கள்.

அப்படின்னா 1806ல வேலூர்ல நடந்தது யாரோட சொதப்பல்?

பத்தாவது படிக்கிற ஒரு பையன், வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்து அதன் சிப்பாய்களே செய்த கலகத்தைப் பற்றிக் கேட்டது. நல்ல கேள்வி, ஏனென்றால் மேலே உள்ள எல்லா வார்த்தைகளையும் அதில் வைத்துப் பார்க்கலாம். சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக், சிப்பாய்கள் சீருடையில் இருக்கும்போது நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை போடவேண்டும் என்று விதி கொண்டுவந்தார். அந்தத் தலைப்பாகையில் தோலும் இருந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி. என்னைக் கேட்டால் இதைச் சொதப்பல் என்று சொல்லக்கூடாது. சொன்னால், தெரியாமல் கைநழுவியது என்று ஆகிவிடும். எச்சரிக்கை வந்தும் கேட்கவில்லை. முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிற விஷயத்தை முன்கூட்டியே சொன்னார், அவருக்குப் பைத்தியம் என்று பூட்டி வைத்தார்கள்.

ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள், திப்புவின் கொடியும் ஏறியது. ஆனால் வெளி வாசல்களைச் சரியாகப் பூட்டிக் காவல் போடவில்லை, பலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லெஸ்பி என்ற பிரிட்டிஷ் அதிகாரி காலையிலேயே வந்து சேர்ந்தார். உள்வாசலைப் பீரங்கியால் உடைத்து நுழைந்தார்கள். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். 'கோட்டை விட்டார்கள்' என்பது இங்கே அப்படியே பொருந்தும், வழக்கிலும் சரி, நிஜத்திலும் சரி. கிரடாக்கையும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் மறு வருஷம் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தலைப்பாகை விதியும் போனது. அந்தப் பையன் விடைத்தாளில் 'ஆங்கிலேயர் சொதப்பினர்' என்று எழுதலாமா என்று கேட்டான். 'பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தவறான ஆணை' என்று எழுதச் சொன்னேன்.

சொதப்பலுக்கு எதிர்ச்சொல் இருக்கா சார்?

இருக்கிறது, அசத்தல். சொதப்பிட்டான், அசத்திட்டான் என்று இரண்டும் ஜோடியாகவே நடக்கும். அசத்தலுக்கும் பார்க்க ஆள் வேண்டும். 'சரியாச் செஞ்சான்' என்று சொன்னால் போதாதா என்று ஒரு மணிப்பூர்ப் பெண் கேட்டார். சரியாகச் செய்வதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தட்டில் சோறு மிச்சமில்லாமல் எழுந்து கை கழுவப் போனால், அந்த வீட்டில் அதற்கு அதுதான் பாராட்டு. வாய்விட்டுச் சொல்லவைக்க வேண்டுமானால் அசத்த வேண்டும், அல்லது சொதப்ப வேண்டும்.